வீட்டு மின் மீட்டர்: கை மாறும் நாளில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

பருத்தி மூட்டையைத் தராசில் ஏற்றும்போது முள்ளைப் பார்க்காத விவசாயி வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இல்லை. பால் கொண்டுபோய் ஊற்றும் பெண்மணியும் அளவையைப் பார்க்கிறார், பதிவேட்டில் எழுதப்படும் எண்ணையும் பார்க்கிறார். ஆனால் அதே வீட்டின் வாசல் சுவரில் இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கும் மின் மீட்டரைக் கணக்கெடுப்பாளர் ஒருவர்தான் பார்க்கிறார். வீட்டார் பார்ப்பது தொகையை மட்டுமே.

இதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழகத்தில் விவசாயப் பம்புசெட்டுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைப்பதால், கிணற்று மேட்டில் மீட்டர் பார்க்கும் பழக்கம் விவசாயிகளுக்கு விட்டுப் போயிற்று. வீட்டு இணைப்பு அப்படிப்பட்டதன்று. அங்கே ஒவ்வொரு யூனிட்டுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் குழப்பம் வருவது பெரும்பாலும் சாதாரண நாட்களில் அல்ல. ஏதேனும் ஒன்று கை மாறும் நாட்களில்தான். மீட்டரை மாற்றுகிறார்கள், குடியிருப்பவர் மாறுகிறார், வீடு விற்கப்படுகிறது, கட்டண விகிதம் மாறுகிறது. அந்த நாளில் மீட்டர் காட்டிய எண் வீட்டாரிடம் இருந்தால் வழக்கு இல்லை. இல்லாவிட்டால் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க ஆதாரம் இல்லை.

பெயர் மாறினாலும் எண் தொடரும்

மின்சாரம் தரும் நிறுவனத்தின் பெயரே நம் மாநிலத்தில் மாறி வந்திருக்கிறது. 1957 ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாடு மின்சார வாரியம் (அன்று சென்னை மாநில மின்சார வாரியம்) அமைந்தது. 2010 நவம்பர் 1-ஆம் தேதி அது பிரிக்கப்பட்டு, வீடுகளுக்கு மின்சாரம் தரும் பொறுப்பு தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்திடம் வந்தது. 2024-ல் அதுவும் பிரிந்து, பகிர்மானத்துக்கெனத் தனிக் கழகம் ஏற்பட்டது. ரசீதின் தலைப்பு மாறியதே தவிர, ஊர் மக்கள் இன்றும் 'கரண்ட் ஆபீஸ்' என்றே சொல்கிறார்கள். இணைப்பு எண் தொடர்ந்தது. மீட்டரும் விட்ட இடத்திலிருந்தே எண்ணியது.

வேறு இடங்களில் நிறுவனத்தை வீட்டுக்காரரே மாற்றிக்கொள்ள முடியும். பிரிட்டனில் 1990-களின் இறுதியிலிருந்து இந்த வசதி இருக்கிறது. மும்பைப் புறநகரில் 2009 முதல் ரிலையன்ஸ் நிறுவனத்தின் கம்பி வழியாகவே டாடா பவர் மின்சாரத்தைப் பெற நுகர்வோர் மாறிக்கொள்ள ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்தது. அங்கெல்லாம் மாறும் நாளின் மீட்டர் எண்தான் எல்லைக்கல். அந்த எண் வரை பழைய நிறுவனத்தின் பாக்கி. அதற்கு மேல் புதிய நிறுவனத்தின் கணக்கு. வயலுக்கு வரப்பு எப்படியோ, கணக்குக்கு அந்த எண் அப்படி. நம் ஊரில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை வீடுகளுக்கு இல்லை. ஆயினும் அதே எல்லைக்கல் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் இங்கே நிறைய உண்டு.

எண்ணைப் படிக்கும் முறை

ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. பொருத்திய நாள் முதல் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே இன்றைய எண் மட்டும் எதையும் சொல்லாது. சென்ற தடவை எண்ணை அதிலிருந்து கழித்தால் வருவதே செலவான யூனிட். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. ஒரு குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் தண்ணீர் இறைத்தால், இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சக்கரம் சுற்றும் பழைய மீட்டர்களில் கடைசி எண் சிவப்பாகவோ, தனிக் கட்டமிட்டோ இருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்துப் படித்தால் 4,827 யூனிட் 48,276 ஆகிவிடும். ஐந்து இலக்க மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் மீண்டும் 00000-த்தில் தொடங்கும். முன்பு 99870, இப்போது 00145 என்றால் மீட்டர் பழுதல்ல. சுற்று முடிய 130, அதற்குப் பின் 145, ஆக 275 யூனிட் ஓடியிருக்கிறது.

இப்போதுள்ள மின்னணு மீட்டரில் திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி வரும். தேதி வரும், மணி வரும், வோல்டேஜ் வரும், உச்ச அளவு கிலோவாட்டில் வரும். இவற்றில் ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வருவோர் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் கே, டபிள்யூ, எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து நிற்கும்போது வருவதே யூனிட் கணக்கு. எச் என்ற எழுத்து இல்லாமல் கே, டபிள்யூ மட்டும் நின்றால் அது வேறு. திரை ஒரு முழுச் சுற்று வரும்வரை பொறுமையாக நின்று பார்க்க வேண்டும்.

நாட்கள் கூடினால் ரூபாயும் கூடும்

இனி வருவதுதான் குடும்பத்தின் பையைத் தொடும் செய்தி. நம் மாநிலத்தில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. கட்டணமோ படிப்படியாக ஏறும் விகிதத்தில் அமைந்தது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதன்பின் விகிதங்கள் திருத்தப்பட்டுள்ளன. இப்போதைய விகிதத்தை ரசீதில் பார்த்துக்கொள்ளலாம். கணக்கிடும் வழியைப் புரிந்துகொள்ள 2022 விகிதம் போதும்.

அந்த விகிதப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை உபயோகித்த வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. செலவு 500-ஐத் தாண்டிவிட்டால், 101-லிருந்தே ரூ.4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை ரூ.8. அதற்கு மேலும் படிகள் உண்டு.

இதன்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,725. வெறும் 10 யூனிட் கூடி 510 ஆனால் ரூ.2,030. அந்தப் பத்து யூனிட்டுக்கு ரூ.305 போயிற்று! இஸ்திரிப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. தாண்டிய கோடுதான் காரணம்.

கோட்டைத் தாண்டச் செய்வது கூடுதல் உபயோகம் மட்டுமல்ல. கணக்கெடுக்கும் நாள் தள்ளிப் போனாலும் இதுவே நடக்கும். நாள் ஒன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோடையில் கரிசல்காட்டு வெக்கைக்கு இரண்டு மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஒரு தண்ணீர் மோட்டாரும் கிரைண்டரும் ஓடும் வீட்டில் இது வியப்பில்லை. 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், தொகை ரூ.1,605. கணக்கெடுப்பு 72-ஆம் நாளுக்குத் தள்ளிப் போய், கூடுதல் நாட்களைக் கருதாமல் தொகை போடப்பட்டால் 576 யூனிட்; தொகை ரூ.2,558. அடுத்த தடவை 48 நாட்களே வரும். 384 யூனிட், ரூ.1,053. இரண்டையும் கூட்டினால் ரூ.3,611. நாள் தவறாமல் எடுத்திருந்தால் இருமுறைக்கும் சேர்த்து ரூ.3,210 மட்டுமே. ஒரு விளக்கும் கூடுதலாக எரியாமலே ரூ.401 போய்விடுகிறது. களையெடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையன்று.

ஆதலால் கணக்கெடுக்கும் தேதியையும் எண்ணோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். 60-ஆம் நாள் வந்தும் ஆள் வரவில்லையென்றால், அன்று மாலை மீட்டர் திரையைச் செல்போனில் படம் பிடித்து, காலண்டரிலும் எழுதி வைத்தல் நலம். பின்னர் வரும் தொகையில் சந்தேகம் எழுந்தால், 60-ஆம் நாளில் ஓடியிருந்த யூனிட் இவ்வளவு என்று காட்டி மறுகணக்கு கேட்க அது உதவும்.

இது வீண் கவலையன்று. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க இயலவில்லை. முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு கணக்கெடுத்தபோது நான்கு மாத யூனிட்டுகளையும் சேர்த்து, இரண்டாகப் பகுத்துத் தொகை போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். கழிக்க வேண்டியது கட்டிய பணத்தையா, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டையா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நீதிமன்றம் மின்சாரத் துறையின் முறையை ஏற்றுக்கொண்டது. அந்த மாதங்களில் கோடை வெயிலில் எவ்வளவு, முன்பு எவ்வளவு என்று தங்கள் மீட்டர் எண்ணைக் காட்டிச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை வீடுகளில் இருந்திருப்பார்கள்?

மீட்டரை மாற்றும்போது

பழுதான மீட்டரையோ, பழைய சக்கர மீட்டரையோ கழற்றிப் புதியது பொருத்தும் நாளில் நான்கு விவரங்கள் வீட்டாரிடம் இருக்க வேண்டும். பழைய மீட்டரின் கடைசி எண், புதிய மீட்டரின் தொடக்க எண், புதிய மீட்டரின் மேல் அச்சிட்டுள்ள வரிசை எண், தேதி. கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும். கழற்றியபின் பழைய மீட்டர் அலுவலகத்துக்குப் போய்விடும்.

சென்ற கணக்கில் 8310, கழற்றும்போது 8426 என்றால் பழையதில் 116 யூனிட். புதியது 3-ல் தொடங்கி, கணக்கெடுக்கும் நாளில் 94 காட்டினால் அதில் 91. ஆக 207 யூனிட்டுக்கே தொகை வர வேண்டும். புதிய மீட்டரின் தொடக்க எண் பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது தவறு. சோதனைக் கூடத்தில் ஓடிய சில யூனிட்டுகள் அதில் நிற்கலாம். வெள்ளை அட்டை வைத்திருப்போர் இவ்விவரங்களை அதில் எழுதிக் கையொப்பம் கேட்டுப் பெறலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் எண் தானாகவே அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் என்றாலும், மாற்றும் நாளின் இந்த நான்கு விவரங்களுக்கு அதுவும் விலக்கல்ல.

வாடகை வீடும் சப் மீட்டரும்

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கங்களில் பட்டாசு வேலையை நம்பி வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. பட்டாசு ஆலையின் மருந்து அறைகளில் மின் விளக்குக்கு இடமில்லை. வேலையெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். ஆகவே இக்குடும்பங்களின் மின்செலவு முழுவதும் மாலைக்குமேல், வீட்டில். அந்த வீட்டிலோ பல இடங்களில் ஒரே இணைப்பு. வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார்.

மூன்று குடித்தனங்கள் இரண்டு மாதத்தில் முறையே 180, 160, 200 யூனிட் செலவழித்ததாகக் கொள்வோம். மொத்தம் 540. ஒரே இணைப்பானதால் 500 தாண்டிய விகிதம். 2022 கட்டணப்படி ரூ.2,270. மூவருக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ரூ.180, ரூ.135, ரூ.225, கூட்டினால் ரூ.540 மட்டுமே. வேறுபாடு ரூ.1,730! தனிக் குடித்தனமாக அமைந்த பகுதிகளுக்குத் தனி இணைப்பு கோர வழியுண்டு. அதற்கான நிபந்தனைகளையும் வைப்புத்தொகையையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். ஒரு தடவைச் செலவுதான். எத்தனை கணக்கில் அது திரும்பும் என்பதை மேலே உள்ள எண்களைக் கொண்டு வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம்.

தனி இணைப்புக்கு வழியில்லாத இடத்தில், மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பங்கிடுதல் நியாயம். 2,270-ஐ 540-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ரூ.4.20. 180 யூனிட் செலவழித்தவரின் பங்கு ரூ.757. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் அவரிடம் வாங்குவது ரூ.1,440 ஆகிறது. 'அக்கா, பெரிய மீட்டர் ரசீதைக் கொஞ்சம் காட்டுங்க' என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்பதில் தவறொன்றும் இல்லை. அதேபோல் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சப் மீட்டர்களின் கூட்டுத்தொகை பெரிய மீட்டரைவிடக் குறைவாகவே வரும். பொதுத் தண்ணீர் மோட்டாரும் வாசல் விளக்கும் எந்தச் சப் மீட்டரிலும் ஏறுவதில்லை. அந்த மிச்சத்தையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

குடித்தனம் மாறும் நாளில், போகிறவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று எண்ணைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். புதிதாக வருகிறவரும் அதே எண்ணைத் தம் நோட்டில் குறிக்க வேண்டும். சாமான் ஏற்றும் அவசரத்தில் இதுதான் மறந்துபோகும். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது தகராறாகவும் நிற்கும்.

வீட்டை விலைக்கு வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் வைத்த மின் பாக்கியை, விதிகள் அனுமதிக்கும் இடங்களில், அதே இடத்துக்குப் புதிய இணைப்பு கேட்பவரிடம் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. பத்திரப் பதிவுக்கு முன்பே கடைசி ரசீதையும் மீட்டர் எண்ணையும் ஒத்துப் பார்ப்பதும், பதிவு முடிந்தவுடன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதும் தேவை.

மீட்டர் ஓடுவது சரிதானா?

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு தோராயச் சோதனை செய்யலாம். மின்னணு மீட்டரில் சிவப்புப் பொட்டு விளக்கு ஒன்று சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அதன் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். அந்த மீட்டரில், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் மின்விசிறி ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால், நிமிடத்துக்கு 4 சிமிட்டல் வர வேண்டும். ஐந்து நிமிடம் எண்ணினால் 20. ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. மின்விசிறியின் வாட் அளவு அதன் மேலேயே ஓரளவு தோராயமாகத்தான் எழுதப்பட்டிருக்கும். முப்பது நாற்பது சிமிட்டல் வந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து, மின்விசிறியையும் நிறுத்தி, வீட்டில் ஒரு கருவியும் ஓடாதபோது பார்க்க வேண்டும். அப்போதும் பொட்டு சிமிட்டிக்கொண்டே இருந்தால், வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம். அல்லது நம் மீட்டருக்குப் பின்னாலிருந்து வேறு யாரோ வயர் எடுத்திருக்கலாம். மழைக்காலத்தில் ஈரச்சுவர் வீடுகளில் கசிவு வரும். அது பணத்தை மட்டுமல்ல, உயிரையும் வாங்கக்கூடியது. உரிமம் பெற்ற மின்பணியாளரை உடனே அழைக்க வேண்டும். மீட்டரின் முத்திரையை வீட்டார் தொடவே கூடாது. பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பதும் அதைப் போன்றே சட்ட விரோதம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இருமடங்கு விகிதத்தில் கட்ட நேரும்.

கூரையில் சூரிய மின்தகடு வைத்தவர்கள் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: வெளியிலிருந்து வீட்டுக்கு வந்த யூனிட் ஒன்று, வீட்டிலிருந்து வெளியே போன யூனிட் மற்றொன்று. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் மாவட்டத்தில் இதை நாடுவோர் உண்டு. இரட்டை மீட்டர் பொருத்திய நாளின் இரு தொடக்க எண்களையும் குறிக்காமல் விட்டால், போன யூனிட் எவ்வளவு என்று பிறகு வாதாட முடியாது.

தொகையில் தவறு தெரிந்தால் முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலும் புகாரைப் பதியலாம். அங்கே தீராவிட்டால் விருதுநகர் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளரும் உண்டு. மனுவோடு இணைப்பு எண், கடைசி மூன்று கணக்குகளின் தேதியும் எண்ணும், மீட்டர் திரையின் படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கூடுதலாக வந்ததாகக் கருதும் யூனிட் எத்தனை என்பதைக் கழித்துக் காட்டி, முதல் வரியிலேயே எழுதுதல் நலம்.